பிள்ளையாருக்கு எழுதிய மெடிக்கல் சர்டிபிகேட்

கடைக்குப் போன என் கணவர் வெறும் பையோடு திரும்பி வந்து, குடையைக்கூட மடக்காமல் வாசலில் நின்றார். "டாக்டரம்மா போயிட்டாளாம்டி. காலம்பற டீ குடிச்சுண்டு நாற்காலியில உக்காந்திருந்தவா, அப்படியே..." என்று சொல்லி நிறுத்தினார். எந்த டாக்டரம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டாக்டரம்மா என்றால் ஒருவர்தான். சாவுச் செய்தி கேட்டால் மனிதர்கள் நெஞ்சில் கை வைப்பார்கள், வாயைப் பொத்துவார்கள். என் கை வலது முழங்காலுக்குப் போயிற்று. கேலி செய்ய இடம் கிடைத்தால் விடாத மனிதர் என் கணவர். அன்று குடையை மடக்கிச் சுவரில் சாய்த்ததோடு சரி.

டாக்டர் கிருபாமணி அம்மாளைத் திருவனந்தபுரத்தில் அறியாதவர்கள் குறைவு. கரமனைக்குப் போகும் வழியில் இரண்டு அறை டிஸ்பென்சரி. முன்னால் ஒரு நீளப் பெஞ்சு, அதற்கு எதிரே ஒரு மர முக்காலி. இடுப்புக்குக் கீழே எங்கே வலித்தாலும் அந்த முக்காலியில் ஏறி இறங்கிக் காட்டாமல் யாரும் மருந்து வாங்கியதில்லை. நம் மாதர் சங்கத்துப் பத்திரிகைக்கு அவரைப் பற்றி நான் எழுத வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, அவரிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்கள் இத்தனை பேர் இருக்க, முழங்காலோடு போனவள் எதற்கு என்றேன். அவர்களும் எழுதட்டும். என்னிடம் இருப்பது ஒரு முழங்கால்தான். அதைப் பற்றி எழுதுகிறேன்.

உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்தைய கதை இது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு மாடியில். வீடு ஸ்ரீவராகத்தில், குளியல் குளத்தில். ஆக, காலையில் குளத்துப் படி, பகலெல்லாம் பள்ளிக்கூடத்துப் படி. ஒரு நாள் குளத்தில் இறங்கும்போது வலது முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குப் பின்னால், ஏதோ அரைபடுவதுபோல ஒரு வலி. ஏறும்போது அவ்வளவு இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நாளாக ஆக, அரைமணி உட்கார்ந்து எழுந்தாலும் வலித்தது, சப்பணமிட்டுச் சாப்பிட்டு எழுந்தாலும் வலித்தது. நல்லெண்ணெய் தேய்த்தேன். எருக்கிலையைச் சுட வைத்துக் கட்டினேன். தெருவில் ஒவ்வொருவரும் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தேன். வலி யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை.

பெரிய டாக்டர் ஒருவரிடம் போனோம். பெயர் வேண்டாம், அவரும் நல்லதை நினைத்தே சொன்னார். முழங்காலை இரண்டு நிமிஷம் பார்த்தார், என் ஒல்லி உடம்பை ஒரு நிமிஷம் பார்த்தார். எலும்பில் க்ஷயமாக இருக்கலாம் என்றார். ஆறு மாதம் காலை மாவுக்கட்டில் வைத்துப் பார்ப்போம், அடங்காவிட்டால் வேறு யோசிப்போம் என்றார். அந்த 'வேறு' காலை எடுத்துவிடுவதாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு அப்போது நாலு வயதில் ஒரு பெண். "குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கலாமா?" என்று என் கணவர் கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர்.

வீட்டில் மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், என் டம்ளர் மட்டும் சமையலறை மாடத்தில் தனியாக இருந்தது. அவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்திருப்பேன். ஆனால் டாக்டர் சொன்னபோது வராத பயம் அந்த டம்ளரைப் பார்த்ததும் வந்தது. குழந்தை என் மடியில் ஏற வந்தாள். "அம்மாவுக்குக் கால் வலி, போ" என்று விரட்டினேன். அவள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருத்தர்ட்டயும் காட்டிட்டு அப்பறம் கட்டுப் போட்டுக்கலாம்" என்று என் கணவர்தான் கிருபாமணி அம்மாளிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா நாகர்கோயில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைப் புடவை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுவார். என்னைப் பெஞ்சில் காலை நீட்டி உட்காரச் சொன்னார்.

"எங்க வலிக்கு டீச்சர்? ஒத்தை விரலால காட்டுங்க."

ஒற்றை விரலால் காட்ட முடியவில்லை. உள்ளங்கையால் முழங்காலின் முன்பக்கத்தை அப்படியே மூடிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரி. எப்பம் வலிக்கல்லன்னு சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னேன். சமதரையில் நடந்தால் வலிப்பதில்லை. நீட்டிப் படுத்தால் வலிப்பதில்லை. வலி என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதில்லை. காய்ச்சல் வந்ததில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "வலிக்கிறதைக் கேட்டா ஆளு கதை சொல்லும். வலிக்காததைக் கேட்டா முட்டு உண்மை சொல்லும்" என்றார். இதை அவர் வாயால் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

பிறகு இரண்டு முழங்கால் மேலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். இடுப்பிலிருந்தும் முட்டுக்கு வலி இறங்கும் என்று சொல்லி இடுப்பை அசைத்துப் பார்த்தார். தையற்காரர் நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை ஓர் அங்குலம் மெலிந்திருந்தது. முக்காலியில் ஏற்றி, வலது காலை மேலேயே ஊன்றிக்கொண்டு இடது காலால் மெல்ல இறங்கச் சொன்னார். என் வலது முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்து ஆடிற்று. கடைசியில் சில்லைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கச் சொன்னார். நான் போட்ட கூச்சலில் வெளியே நின்ற என் கணவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதாக்கும் இடம்" என்றார் டாக்டரம்மா. "க்ஷயம் இல்ல டீச்சர். க்ஷயம் பிடிச்ச முட்டு வீங்கும், சுடும், மடங்காது, தூங்க விடாது. இது ஒண்ணும் உங்களுக்கு இல்ல. தொடையில சதை வத்திப்போச்சு. பிடிச்சு நிறுத்த ஆளில்லாம முட்டுச் சிரட்டை, இந்தச் சில்லு, வழி தவறி உரசுது. அம்புட்டுதான். மாவுக்கட்டு போட்டா இருக்கிற சதையும் போயிரும். எதுக்கும் மாசம் ஒருக்கா எங்கிட்ட காட்டுங்க. வீக்கமோ காய்ச்சலோ வந்தா அண்ணைக்கே வரணும்."

நான் அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை ஒரு பார்வையால் அடக்குகிறவள், அத்தனை பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சில் தேம்பித் தேம்பி அழுதேன். "அழணும்னா அழுங்க, சாரமில்ல, பரவாயில்ல" என்றார் அவர். "காலை மட்டும் மடக்காம அழுங்க."

வீட்டுக்கு வந்து என் கணவர் விஷயத்தைச் சொன்னார். மாமியார் எழுந்து சமையலறைக்குப் போனார். மாடத்திலிருந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்தார். அப்பாடா என்று இருந்தது. குழந்தையைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன், காலை நீட்டியபடியே.

வைத்தியம் எளிது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும்வரை அதை அழுத்த வேண்டும். பிறகு காலை மடக்காமல் அப்படியே தூக்கி இறக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தரையில் உட்காரக் கூடாது. "குத்தவச்சு எந்திரிக்கிற வேலை வேற எதாவது உண்டா? அம்மி, ஆட்டுக்கல், கோலம்?" என்று கேட்டார். அதெல்லாம் மாமியார் பார்த்துக்கொள்கிறார், வேறு ஒன்றும் இல்லை என்றேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பொய்.

மூன்று வாரம் சொன்னதையெல்லாம் செய்தேன். வலி ஓர் இம்மியும் குறையவில்லை. மாதம் ஒருமுறை வரச் சொன்னவரிடம் வாராவாரம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் விழிஞ்ஞத்திலிருந்து மீன் கூடை சுமந்து வரும் த்ரேசியா உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மாவுக்குப் பெயர்கள் நினைவில் நிற்காது. நான் 'வலது முட்டு டீச்சர்', அவள் 'இடது முட்டு த்ரேசியா'. பெயர் நினைவில் நின்றதே அவளுக்குப் பெருமை. மண்ணில் முழங்கால் ஊன்றி மீன் பிரித்துப் பிரித்து அவளுக்குச் சில்லுக்கு மேலே நீர் கட்டியிருந்தது. "ரெண்டு பேருக்கும் முட்டுக்கு முன்னாலதான் வலி. ஆனா ரெண்டும் வேற வேற தீனம்" என்று சொல்லி, அவள் தொடையைத் தட்டிக் காட்டினார். "பாருங்க டீச்சர், இதாக்கும் தொடை. உங்களது முருங்கைக்காய்." த்ரேசியா சிரித்த சிரிப்பில் பெஞ்சு ஆடிற்று. முதல் வாரம் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். மூன்றாம் வாரம் அவள் தோளில் சாய்ந்து சிரித்தேன்.

டாக்டரம்மாவைப் பொறுமைசாலி என்று எழுதினால் அவரை அறிந்தவர்கள் என்னை நம்பமாட்டார்கள். சூடாக்கிய செங்கல்லைத் துணியில் சுற்றி முழங்காலில் கட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதரின் மூட்டையை அவிழ்த்துத் தெருவில் வீசியதை நானே பார்த்தேன். ஆகவே நாலாவது வாரமும் குணமில்லை என்று நான் சொன்னபோது, என்னையும் வீசிவிடுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். முழங்காலைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தார்.

"ரெண்டு காதும் ஏன் புண்ணா கெடக்கு?"

"தோடு உறுத்தறது."

"தோடு ரெண்டு பக்கமும் ஒரே போல உறுத்துமோ? நகம் பட்டது போல்ல இருக்கு?"

நான் புடவைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டேன். அவர் நாடாவைக் கீழே வைத்தார். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் குறுக்கே மாற்றித் தம் காதுகளைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்து எழுந்தார். வெள்ளைப் புடவைக் கிறிஸ்தவ டாக்டரம்மா, நோயாளிகள் நடுவில், தோப்புக்கரணம் போட்டுக் காட்டுகிறார். "இதாக்கும் சங்கதி, இல்லியா?"

"ஆமாம்" என்றேன்.

"எத்தனை?"

"நூத்தெட்டு."

"மாசத்துக்கா?"

"தெனமும்."

"எப்பம் தொட்டு?"

"ஒண்ணரை வருஷமா."

த்ரேசியா "ஈசோயே!" என்று மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷம் முன்பு என் கணவர் விஷஜுரத்தில் மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். எங்கள் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், அவர் கண் விழித்து என் பெயரைச் சொன்னால், ஒரு மண்டலம் தினமும் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் மத்தியானம் கண் விழித்து, "பர்வதம், தாகமா இருக்கு" என்றார். நாற்பத்தெட்டு நாள் போட்டேன். முடித்த மறுநாளே அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. பயந்துபோய் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை கெடு வைக்கத் தைரியம் வரவில்லை. நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று மனசில் விழுந்துவிட்டது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலன் கெட்டுப்போகும் என்பார்கள்; அதனால் அவருக்கே தெரியாது. காலையில் குளித்துவிட்டுக் கும்பிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேனே, இனி என்ன ஆகுமோ என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தோப்புக்கரணத்துக்குக் குத்தம் சொல்லமாட்டேன். நல்ல அப்பியாசம். ஆனா வலி வந்த பிறகும் விடாம போட்டீங்க பாருங்க, அங்கயாக்கும் கேடு. வலிக்கிற முட்டைச் சுத்தியுள்ள சதை வேலையை நிறுத்திரும்" என்றார். கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடத்துல லீவ் வேணும்னா என்ன செய்வீங்க?"

"மெடிக்கல் சர்டிபிகேட் கொடுப்பேன்."

"பிள்ளையாருக்கும் கொடுப்போம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேலி பண்ணாதீங்கோ டாக்டரம்மா. உங்களுக்கு இது வெறுதே ஒரு பொம்மை. எனக்கு அப்படி இல்லை."

"கேலி இல்ல டீச்சர்" என்றார். குரல் தணிந்திருந்தது. "பொன்முடி எஸ்டேட்டுல வேலையா இருந்த காலத்துல, கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்துக்கு இறங்குற வழியில விழுந்து எனக்கும் முட்டு போச்சு. இறக்கத்துல தேயிலைக் கூடையோட வாற பெண்ணுங்களுக்கு வைத்தியம் பாத்துப் பாத்துத்தான் நானும் பாதி தேறினேன். இப்பமும் சர்ச்சில எல்லாரும் முழங்கால் போடும்போ நான் மட்டும் நாற்காலியில இருந்து ஜெபிக்கேன். கர்த்தர் ஒரு நாளும் ஏன்னு கேக்கல்ல. உங்க பிள்ளையார் கேப்பாரோ? கேட்டா நான் பதில் சொல்லுகேன்."

மருந்துச் சீட்டு எழுதும் காகிதத்தில், யாருக்கும் புரியாத அந்தக் கையெழுத்தை அன்று மட்டும் நிதானமாக்கி எழுதினார். அது இப்போது என் முன்னால் இருக்கிறது. அப்படியே தருகிறேன்:

"தெருமுனைப் பிள்ளையார் அவர்கள் சமூகத்துக்கு. இதைக் கொண்டுவரும் ஸ்ரீமதி பர்வதம் வலது முழங்காலின் முன்பக்க வலியால் அவதிப்படுகிறார். இவருக்குத் தோப்புக்கரணத்திலிருந்து மூன்று மாதம் விடுப்பு அவசியம். தலையில் குட்டிக்கொள்வது, பிரதட்சிணம் செய்வது முதலிய இலகுவான பணிகளுக்குத் தடையில்லை. மீண்டும் பணியில் சேரலாமா என்பதைப் பரிசோதித்த பிறகே சொல்ல முடியும். விடுப்புக் காலத்தில் கணவரின் நலத்துக்குக் கீழே கையெழுத்திட்டவர் பொறுப்பு."

கடைசி வாக்கியத்தை இரண்டு முறை படித்தேன். ஒன்றரை வருஷமாக நான் தனியாகச் சுமந்ததை ஒரு மனுஷி வாங்கித் தம் பெயரில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கோயிலுக்குக் கொண்டுபோனேன். பூஜை செய்யும் போற்றி மலையாளி; தமிழ் எழுத்து தெரியாது. "இதெந்தா டீச்சரே?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தால், கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உறக்கெ வாயிக்கணும். பகவான் கேக்கட்டே" என்றார். பிள்ளையார் முன்னால், வகுப்பில் பாடம் படிப்பதுபோல உரக்கப் படித்தேன். போற்றி காகிதத்தை வாங்கி உள்ளே போய் விக்கிரகத்தின் காலடியில் வைத்து, ஒரு பூவைப் போட்டு, சற்று நின்றார். பிறகு ஓரத்தில் சந்தனம் ஒட்டியிருந்த காகிதத்தை இலையில் வைத்து நீட்டினார். "லீவ் அனுவதிச்சு. இனி போயி கால் நோக்கிக்கோ."

அன்று முதல் வலி குறைந்தது என்று எழுத ஆசைதான். இரண்டாவது வாரம்தான் குறைந்தது. துண்டை அழுத்துவது போய், கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்கும் கட்டம் வந்தது. மணல் கொண்டுவந்தவள் த்ரேசியா. விழிஞ்ஞத்துக் கடற்கரை மணலை மீன் கூடையின் ஒரு மூலையில் முடிந்து கொண்டுவந்து தந்தாள். பழைய ரவிக்கைத் துணியில் பை தைத்தேன். வீட்டுக்குள் அது நுழைந்ததும் மாமியார் மூக்கைச் சுளித்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து இரண்டு நாள் வெயிலில் போட்டார். வாசனை போகவில்லை. "வலி போனா சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரத்தில் புத்தி கெட்டுப்போனேன். ஒரு நாள் சாப்பிடும்போது என் கணவர் இருமினார். தொடர்ந்து நாலு தரம் இருமினார். நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் குளத்தில் மூன்றாம் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், இறங்க முடியவில்லை. டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். இந்தத் தடவை செங்கல்லுக்குக் கிடைத்த மரியாதைதான் எனக்கும் என்று தயாராகப் போனேன். அவர், "முட்டுக்கு இப்பம் ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு அந்த மனுசனைக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கூட்டிப் போனேன். மார்பைத் தட்டிப் பார்த்தார், முதுகில் குழலை வைத்துக் கேட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், முக்காலியில் இருபது தரம் ஏறி இறங்கச் சொன்னார். ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்திராத மனிதர். மூச்சு வாங்க வாங்க ஏறி இறங்கினார். பிறகு டாக்டரம்மா குழலின் இரண்டு முனையையும் என் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையை அவர் மார்பில் வைத்தார். "கேளுங்க டீச்சர். நல்லா கேளுங்க."

கேட்டேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரே சீராக, திடமாக, என் தோப்புக்கரணத்துக்கு எந்தவிதத்திலும் கடன்படாமல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

விஷயம் என்ன என்று என் கணவருக்கு அங்கேதான் தெரிந்தது. "எனக்காகவாடி?" என்றார். பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை: "முன்னாடியே சொல்லியிருந்தா பாதியை நான் போட்டிருப்பேனே."

நாங்கள் கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னதை இன்றும் யோசித்துப் பார்க்கிறேன். "பயத்தை விட்டுட்டு வலிக்கு மட்டும் மருந்து குடுத்தா, வலி திரும்பி வரும். பயம் கூட்டிட்டு வரும்."

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு காலை, குளத்தில் இறங்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் ஏதோ வம்பு சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோதுதான், பல்லைக் கடிக்காமல் கடைசிப் படிவரை வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. வம்பைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடி மேலே ஏறி, மறுபடி இறங்கிப் பார்த்தேன். வலி இல்லை. இன்னொரு தரமும் இறங்கினேன். அந்தப் பெண் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

டாக்டரம்மா நாடாவால் அளந்தார். இரண்டு தொடையும் சரியாக இருந்தன. "இனி டியூட்டியில சேரலாம்னு எழுதித் தாறேன். ஒரு பரீட்சை மட்டும் பாக்கி. எனக்க முன்னால முழங்கால் போட்டு, கை ஊணாம எந்திரிச்சுக் காட்டுங்க" என்றார்.

என்னால் முடியவில்லை. வலியை நினைத்து முழங்காலைத் தரையில் வைக்கத் துணியவில்லை. "அடுத்த தடவை" என்றேன். "சாரமில்ல, லீவ் நீட்டியாச்சு" என்றார். அடுத்த தடவையும் அப்படியே. பிறகு பயம் போனபின்னும் நான் அந்தப் பரீட்சையைக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அங்கே போகக் காரணம் இருக்காதே. நவராத்திரி, தீபாவளி என்று ஏதாவது பட்சணத்தை எடுத்துக்கொண்டு போவேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "ஜாயின் பண்ண வந்தீங்களோ?" என்பார். "இல்லை, லீவை நீட்டிக்க வந்தேன்" என்பேன். இப்படியே பல வருஷம் ஓடிற்று. சண்டைக் காலத்தில் மருந்துகள் வராமல் அவர் அலமாரி காலியாகக் கிடந்தபோதும், முக்காலியும் நாடாவும் வேலை செய்துகொண்டேதான் இருந்தன.

அடக்கத்துக்கு நானும் என் கணவரும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஓரமாக நின்றோம். த்ரேசியா வந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். பாதிரியார் ஜெபிக்கத் தொடங்கியதும் எல்லோரும் ஈர மண்ணில் முழங்கால் போட்டார்கள். நின்றது நானும் என் கணவரும்தான். யாரும் எங்களைத் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று தெரியும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜெபித்த அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். பாக்கி வைத்த பரீட்சையும் நினைவுக்கு வந்தது.

புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு முழங்கால் போட்டேன். இடது கால் முதலில், பிறகு வலது கால். கண்ணை மூடிக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தேன். ஜெபம் நீண்டது. ஈரம் புடவையைத் தாண்டி முழங்காலில் ஏறிற்று. வலி வரவில்லை. ஆமென் என்றார்கள். த்ரேசியா எழுந்து, "பேடிக்கண்டா அம்மே, பிடிச்சோ" என்று பயப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல், கை ஊன்றாமல், எழுந்து நின்றேன். அவரைக் குழியில் வைத்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் இருந்தால் முதலில் தொடையை அளந்திருப்பார்.

மறுநாள் காலை சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு பிள்ளையாரிடம் போனேன். என் கணவரும் கூட வந்தார். பரீட்சையில் தேறிவிட்டேன், எழுதித் தரத்தான் ஆளில்லை. கையெழுத்திட்டவர் இப்போது மேலே வருகிறார், எந்த வாசல் வழியாக வந்தாலும் அவரையே விசாரித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அந்தக் காகிதம் என்னோடு இருக்கும். சந்தனம் காய்ந்து உதிர்ந்து, கறை மட்டும் மிச்சம். மீன் வாசனை மாறாத மணல் பையும் இருக்கும். டாக்டரம்மாவிடமிருந்து எனக்குக் கிடைத்த இன்னொன்று இருக்கிறது. அது இருக்கிறதா என்று அன்று கோயில் வாசலுக்கு வரும்வரை எனக்கே நிச்சயமில்லை. வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என் கணவர் இருமினார். தொடர்ந்து நாலைந்து தரம் இருமினார். என் கை காதுக்குப் போகவில்லை. தலையில் ஒரு குட்டுக் குட்டிக்கொண்டு, "சுக்குக் கஷாயம் போட்டுத் தரேன், வாங்கோன்னா" என்று அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.